ஹாரியட் ஜேக்கப்ஸ்: தன் கதையைத் தானே எழுதியவர்

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஈடன்டன் ஊரில் 1813இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் ஜேக்கப்ஸ். ஆறு வயதில் தாயை இழந்தார். எஜமானி அவருக்கு வாசிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார், விடுதலை தரவில்லை. 1825இல் அந்த அம்மையார் இறந்தபோது, உயிலின்படி ஹாரியட் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் சொத்தானார். அக்குழந்தையின் தந்தை டாக்டர் ஜேம்ஸ் நார்காம்.

பதின்வயதிலேயே நார்காமின் பாலியல் தொல்லை தொடங்கியது. அடிமைப் பெண் புகார் சொல்ல அன்று சட்டமே கிடையாது. அவனிடமிருந்து தப்ப, சாயர் என்ற வெள்ளை வழக்கறிஞருடன் உறவு கொண்டு இரண்டு பிள்ளைகள் பெற்றார். தொல்லை ஓயவில்லை. 1835இல் ஓடிப்போய், விடுதலை பெற்றிருந்த பாட்டி மோலியின் வீட்டுக் கூரையடியில் ஒளிந்தார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். உயரம் மிஞ்சிப்போனால் மூன்றடி. எலிகள், புழுக்கம், இருட்டு. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்! பலகையில் போட்ட சிறு துளை வழியே தன் பிள்ளைகளைப் பார்த்தபடி கிடந்தார். அம்மா மேலேதான் இருக்கிறாள் என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. 1842இல் கப்பலேறி வடக்கே தப்பினார்.

அங்கும் நார்காம் குடும்பம் தேடி வந்தது. 1852இல், அவர் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த வில்லிஸ் வீட்டு அம்மையார் 300 டாலர் கொடுத்து அவரை மீட்டார். தனக்கு விலை பேசப்பட்டது ஹாரியட்டுக்குக் கசந்தது.

நடந்ததை எழுதும்படி தோழி ஏமி போஸ்ட் வற்புறுத்தியபோது ஹாரியட் தயங்கினார். மணமாகாமல் தாயானதையும் சொல்லியாக வேண்டுமே! புகழ்பெற்ற எழுத்தாளர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் உதவி கேட்டுப் பார்த்தார்கள். அவரோ, கதை உண்மைதானா என்று எஜமானி வில்லிஸிடம் விசாரித்தார். தன் நூலில் அதைச் சேர்த்துக்கொள்ளவும் எண்ணினார். ஹாரியட் வில்லிஸிடம் வாய்திறக்காமல் வைத்திருந்த செய்தி அப்படித்தான் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பேச்சுக்கு மேலிருப்பவர் சான்று தர வேண்டும் என்ற அந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல.

அந்தக் காயத்துக்குப் பிறகுதான் தானே எழுதுவது என்று ஹாரியட் உறுதிகொண்டார். பகலில் குழந்தைகள், இரவில் காகிதம். ஆண்டுக்கணக்கில் எழுதினார். பழைய நாட்களை மறுபடி வாழ்வதுபோல் வலித்தாலும் விடவில்லை. குற்றம் செய்தவனுக்குரிய வெட்கத்தை அதுவரை சுமந்தவர் அவர். எழுத்தில் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனது என்றே நான் வாசிக்கிறேன்.

1861இல் பாஸ்டனில், லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில், லிடியா மரியா சைல்ட் பதிப்பித்து நூல் வெளிவந்தது. பிறகு ஹாரியட் போரில் அகதிகளான கறுப்பின மக்களுக்கு உழைத்தார். 1864இல் மகளோடு அலெக்சாண்ட்ரியாவில் பள்ளி திறந்தார். 1897இல் மறைந்தார். நூலை எழுதியது சைல்ட்தான், அது நாவல்தான் என்று அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். ஹாரியட்டின் கடிதங்களைத் தேடியெடுத்து ஆய்வாளர் ஜீன் ஃபேகன் யெலின் உண்மையை நிறுவினார். 1987இல் அவர் கொண்டுவந்த பதிப்பில் ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெயர் ஆசிரியராக அச்சாகியது.