நேட்டால் கோர்ட்டில் ஒரு கோழியாளத்துக்காரர்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கோழியாளம் கிராமத்தில், பறையர் குடும்பம் ஒன்றில், 1860-ம் ஆண்டு ஜூலை 7-ம் தேதி இரட்டைமலை சீனிவாசன் பிறந்தார். வல்லத்திலிருந்து திண்டிவனம் போய் சென்னைச் சாலையில் ஏறினால் வருகிற பகுதிதான் அது. நமக்குத் தூரத்து ஊர் அல்ல.

அவர் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது, அதே ஆண்டு நவம்பர் 16-ம் தேதி, ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையில் ஏறிய 342 பேர் அதில் இருந்தார்கள். நேட்டால் என்ற ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள் இவர்களே. பிறந்த குழந்தைக்கும் அந்தக் கப்பலுக்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. நாற்பது வருடங்களுக்குப் பிறகு அந்தக் குழந்தையும் அதே கரையில் வேலை தேடி நின்றது என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

சீனிவாசன் படித்தது கோவையில். அவருடைய பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். யாராவது நெருங்கிப் பழகினால் ஊர் எது, சாதி எது என்ற கேள்வி வந்துவிடும். அந்த அச்சத்தால் அவர் யாரோடும் சேரவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து பாடம் படிப்பார். மணி அடித்ததும் உள்ளே போவார். பள்ளி விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பிற்காலத்தில் தன் வரலாற்றைச் சுருக்கமாக எழுதியபோது அவரே பதிவு செய்த செய்தி இது. விளையாட்டும் நட்பும் இல்லாத அந்தப் பள்ளி நாட்களில்தான் அவர் ஆங்கிலம் கற்றார்.

அந்தப் படிப்பு அவருக்கு நீலகிரியில் வெள்ளையர் நிறுவனங்களில் கணக்கர் வேலை வாங்கித் தந்தது. சுமார் பத்தாண்டுகள் அங்கே இருந்தார். 1890-ல் சென்னைக்கு வந்து, ஊர் ஊராகச் சுற்றித் தன் மக்களின் நிலையைத் தெரிந்துகொண்டார். 1891-ல் பறையர் மகாஜன சபை உருவானது. 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களுடன் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பள்ளியில் ஒதுங்கி நடந்தாரோ, அதே பெயரைப் பத்திரிகையின் தலைப்பாக வைத்தார். பறையன் என்ற அந்தப் பத்திரிகை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடந்தது.

அதே 1893 டிசம்பரில், உயர் பதவிகளுக்கான சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து அவர் சென்னையில் கூட்டம் கூட்டினார். தேர்வு இங்கே நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து அமர்வார்கள், சேரி மக்கள் மேலும் நசுக்கப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

மனு மட்டும் போனால் போதாது, ஆளே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1900-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆனால் அந்தப் பயணத்தில் லண்டன் போய்ச் சேரவில்லை. ஆப்பிரிக்காவிலேயே தங்கிப் பிழைக்க வேண்டிய நிலை வந்தது. சென்னையில் சங்கத் தலைவராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, முன்பின் தெரியாத நாட்டில் புதிதாக ஒரு வேலை தேட வேண்டியிருந்தது.

அப்போது நேட்டால் எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவருக்குக் கிடைத்த வேலையின் பொருள் புரியும். 1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களோடு, நம் செஞ்சிப் பகுதி அடங்கிய அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் மக்கள் போனார்கள். நிலம் இல்லாமை, பண்ணையாரிடம் பட்ட கடன், தாது வருஷப் பஞ்சம் போன்ற பஞ்சங்கள் எல்லாம் சேர்ந்து அவர்களைக் கப்பலேற்றின.

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அங்கே முதலாளியின் மொழி ஆங்கிலம். மண்ணின் மக்களுடைய மொழி ஜூலு. நம்மவர்களுக்கு இரண்டும் தெரியாது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஜூலுச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த பனகலோ என்ற கலப்பு மொழி புழங்கியது. வெட்டு, தூக்கு, வா, போ என்று வேலை வாங்க அது போதும். கூலி குறைந்திருக்கிறது, உடம்பு முடியவில்லை, மேஸ்திரி அடித்தார் என்று முறையிட அது போதாது. முதலாளிக்கும் கூலிக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோனவர் பெரும்பாலும் சர்தார் எனப்பட்ட மேஸ்திரிதான். யார் மேல் புகாரோ, அவர் வாய் வழியாகவே புகார் போக வேண்டும் என்றால் நியாயம் எப்படிக் கிடைக்கும்?

மொழியை வைத்து நேட்டால் அரசு இன்னொரு வேலையும் செய்தது. 1897-ல் ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. சொந்தக் காசில் வந்து இறங்குபவர், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும்; முடியாவிட்டால் உள்ளே வர அனுமதி இல்லை. ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் இந்தப் பரீட்சை கிடையாது. கட்டுப்பட்டு உழைக்க வருபவருக்கு எழுத்தறிவு தேவையில்லை. சுதந்திரமாகப் பிழைக்க வருபவருக்குத்தான் தேவை என்பது அந்தச் சட்டத்தின் உள்நோக்கம். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட நினைத்தவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்குப் போட்டால், அது முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம்.

இப்படிப்பட்ட நாட்டில், ஆங்கிலமும் தமிழும் எழுதப் பேசத் தெரிந்த சீனிவாசனுக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது.

அந்த வேலையின் கனத்தை 1894-ல் நடந்த ஒரு சம்பவம் காட்டும். சீனிவாசன் அங்கே போவதற்கு முன்பு நடந்தது அது. பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளியை அவருடைய முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்தன. ரத்தம் வழிய அவர் டர்பனில் வக்கீலாக இருந்த காந்தியிடம் வந்து நின்றார். காந்திக்குத் தமிழ் தெரியாது. பாலசுந்தரத்துக்கு ஆங்கிலம் தெரியாது. காந்தியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒரு தமிழர்தான் நடந்ததை எடுத்துச் சொன்னார். வழக்கு நீதிபதிக்குப் போனது; கடைசியில் பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். அந்த எழுத்தர் இல்லாவிட்டால், உடைந்த பல்லோடு அவர் தோட்டத்துக்கே திரும்பியிருப்பார்.

நீதிமன்றத்தில் இது இன்னும் கடினம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தாலே கூலிக்குத் தண்டனை உண்டு. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வார். நீதிபதி காதில் விழுவதும் காகிதத்தில் ஏறுவதும் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். சேரியில் பிறந்து, ஆண்டை எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டியே பழக்கப்பட்ட ஒருவர், நீதிபதி கேட்கும் கேள்விக்கும் அதே பழக்கத்தில் தலையாட்டினால், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடக்கூடும். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் இருக்கும் பயத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதே தெருவில் பிறந்தவருக்குத் தானாகவே தெரியும். கோவைப் பள்ளியில் பயத்தோடு ஆங்கிலம் கற்ற ஒருவர் அந்த இடத்தில் நின்றது சிறிய விஷயமல்ல.

காந்தியோடும் சீனிவாசனுக்கு அங்கே பழக்கம் ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களோடு பேச வேண்டும் என்பதற்காகக் கப்பல் பயணத்திலும் சிறையிலும் காந்தி தமிழ்ப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் தமிழ் கற்கவும் தமிழில் கையெழுத்திடவும் சீனிவாசன் உதவினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பரதேசத்தில் பிழைக்க நம் மக்கள் அந்நிய மொழி கற்கத் திணறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த மக்களுக்காக ஒரு குஜராத்தி வக்கீல் தமிழ் எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தார். மொழி கற்கும் சுமையைக் கூலியின் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. 1913-ல் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-ல் அந்த 3 பவுண்டு வரி ஒழிந்தது.

1920-களின் தொடக்கத்தில் சீனிவாசன் தமிழ்நாடு திரும்பினார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பலர் ஓய்ந்து உட்காரும் வயது. அவரோ 1923-ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் மற்றவர்களைப் போலவே பயன்படுத்த உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. எங்கோ ஒரு நாட்டில் வெள்ளைக்காரர் நீதிமன்றத்தில் அரசு ஊழியராக நடந்தவர், சொந்த நாட்டில் பொதுத் தெருவில் நடக்கவே தீர்மானம் போட வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. நம் மாவட்டத்தில் எந்தத் தெருவில் அது இன்னும் நுழையவில்லை என்று நம் மக்களுக்குத் தெரியும்.

1930-ல் லண்டனில் வட்டமேஜை மாநாடு கூடியபோது, ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரும் சீனிவாசனும் அழைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்பு கிளம்பிய பயணம் அப்போதுதான் முடிந்தது. அவருக்கு வயது 70. அரசியல் பாதுகாப்புகள் வேண்டும் என்ற கோரிக்கை மனுவை இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். 1931-ல் நடந்த இரண்டாவது மாநாட்டில் காந்தியும் வந்து அமர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் தமிழால் நெருங்கிய இருவரும், தனித்தொகுதி என்ற கேள்வியில் எதிரெதிரே இருந்தார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் சீனிவாசனின் கையெழுத்தும் இருக்கிறது. 1939-ல் தன் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18-ம் தேதி காலமானார்.

அவர் இறந்து எண்பது ஆண்டு ஆகிறது. வல்லம், செஞ்சி, மேல்மலையனூர் பக்கங்களிலிருந்து இன்றும் நம் பிள்ளைகள் சவுதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். கட்டட வேலை, ஓட்டுநர் வேலை, வீட்டு வேலை என்று போகிறவர்களில் பலருக்கு ஒப்பந்தத் தாளில் உள்ள அரபியோ ஆங்கிலமோ படிக்க வராது. ஏஜென்ட் வாயால் சொல்வதுதான் ஒப்பந்தம். அன்றைய சர்தார் இடத்தில் இன்று ஏஜென்ட் இருக்கிறார்.

சட்டமும் படிப்பைப் பார்த்தே ஆளைப் பிரிக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இது தடை அல்ல, பாதுகாப்புக்கு வைத்தது. அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் மாட்டினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அங்கே இருக்கிறது. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் நாளிலேயே ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. தெருவில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால், அந்த ஒப்பந்தத் தாளை வாங்கி வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். போகிற நாட்டின் மொழியில் எண்களையும், சம்பளம், மருத்துவமனை, போலீஸ், தூதரகம் போன்ற சொற்களையும் போவதற்கு முன்பே அவர் வாயில் ஏற்றிவிடுங்கள். ஒரு மாதம் மாலை நேரத்தில் உட்கார்ந்தால் போதும். நம்மில் படித்த ஒருவர் படிக்காதவருக்கு வாயாக நிற்கும் அந்த வேலையைத்தான் சீனிவாசன் நேட்டால் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் செய்தார்.