யார் இந்த ரிப்பன்? சென்னை மாநகராட்சி கட்டடத்துக்கு ஏன் வெள்ளைக்காரர் பெயர்?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கட்டடம் ரிப்பன் மாளிகை. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சொத்துவரி என்று எந்தப் பிரச்னை வந்தாலும் செய்திகளில் இந்தப் பெயர் அடிபடும். ஆனால், ரிப்பன் என்றால் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. திறப்பு விழாவில் வெட்டுகிற ரிப்பன் என்று நினைப்பவர்கள்கூட உண்டு.

எத்தனையோ வைஸ்ராய்கள் வந்து போயிருக்கிறார்கள். பலருடைய சிலைகளும் பெயர்களும் இன்று பொது இடங்களில் இல்லை. இவருடைய பெயர் மட்டும் மாநகராட்சியின் தலைமை அலுவலகத்திலேயே நிலைத்து நிற்கிறது. அப்படி என்னதான் செய்தார் இந்த மனிதர்? பார்க்கலாம்.

பிறந்ததே பிரதமர் வீட்டில்

ஜார்ஜ் ஃபிரெடரிக் சாமுவேல் ராபின்சன். இதுதான் அவருடைய இயற்பெயர். 1827 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பிறந்த வீட்டின் முகவரி, 10 டவுனிங் தெரு. ஆமாம், பிரிட்டன் பிரதமரின் அதே வீடுதான். அப்போது அவருடைய அப்பா கோட்ரிச் பிரபு பிரதமராக இருந்தார். ஐந்து மாதம்கூட அந்தப் பதவி நீடிக்கவில்லை என்பது வேறு கதை.

பணக்காரக் குடும்பம், பரம்பரைப் பட்டம், யார்க்‌ஷயரில் பெரிய எஸ்டேட். அவர் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. எல்லாப் படிப்பும் வீட்டில்தான். இப்படி வளர்ந்த ஒருவருக்கு சாதாரண மக்களின் கஷ்டம் எங்கே புரியப்போகிறது என்று தோன்றலாம். நடந்தது நேர்மாறு.

இருபதுகளின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவ சோஷலிஸ்ட் குழுவோடு சேர்ந்தார். 1852-ல் இன்ஜினீயரிங் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு வரவிடாமல் கதவடைப்பு செய்தபோது, தொழிலாளர் சங்கத்துக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். அதே ஆண்டில் ஜனநாயகத்தை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். மக்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அது ரொம்பத் தீவிரமாக இருக்கிறது என்று பயந்து, அவருடைய சொந்தக் குழுவினரே அது வெளியே பரவாமல் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது அவருக்கு வயது 24. இந்தச் சின்ன நூலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக 30 ஆண்டுகள் கழித்து, இந்தியாவில் அவர் போட்ட ஓர் உத்தரவுக்கான விதை இதில்தான் இருந்தது.

மதம் மாறினார், கதை முடிந்தது என்றார்கள்

1852-ல் ஹல் தொகுதியில் ஜெயித்தார். அவருடைய ஏஜென்ட்கள் ஓட்டுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லி அந்த வெற்றி செல்லாமல் போனது. அடுத்த ஆண்டே ஹடர்ஸ்ஃபீல்டு தொகுதியில் நின்று மீண்டும் எம்.பி. ஆனார். பிறகு யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் தொகுதி எம்.பி. 1859-ல் அப்பா இறந்ததும் பரம்பரைப் பட்டம் இவருக்கு வந்தது. போர்த்துறை அமைச்சர், சில மாதங்கள் இந்தியாவுக்கான அமைச்சர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1871-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே முற்றியிருந்த தகராறைப் பேசித் தீர்த்த வாஷிங்டன் ஒப்பந்தத்தில் பிரிட்டன் தரப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதற்குப் பரிசாகத்தான் ரிப்பன் பிரபு என்று நாம் சொல்கிற அந்த மார்க்விஸ் பட்டம்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1874-ல் கத்தோலிக்கராக மாறினார். இங்கிலாந்தில் அன்றைக்கு அது லேசான விஷயம் இல்லை. ஃபிரீமேசன் அமைப்பின் கிராண்ட் மாஸ்டர் பதவியை விட்டு விலகினார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. இனி அரசியலில் இவருக்கு இடமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால், 1880-ல் மீண்டும் பிரதமரான கிளாட்ஸ்டன் அவரை மறக்கவில்லை. இந்தியாவின் வைஸ்ராயாக அனுப்பினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் ரிப்பன்தான்.

வந்ததும் என்ன செய்தார்?

அவர் வந்திறங்கிய நேரம் ரொம்ப மோசம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறவில்லை. ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. முந்தைய வைஸ்ராய் லிட்டன் மீது மக்களுக்குக் கடும் கோபம்.

ரிப்பன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். ஆப்கன் போரை முடிவுக்குக் கொண்டுவந்தார். 1881-ல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதே ஆண்டு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது, 12 வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். இன்றைக்குப் படித்தால் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால், அதற்கு முன்பு அந்த அளவுக்குக்கூட கட்டுப்பாடு கிடையாது.

1882-ல், இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிப்போட லிட்டன் கொண்டுவந்த சட்டத்தை ரத்து செய்தார். உப்பு வரியைக் குறைத்தார். இதெல்லாம் சேர்ந்து அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால், அவர் பெயரை நிலைக்க வைத்தது இவை அல்ல.

1882 மே 18: அந்த உத்தரவில் என்ன இருந்தது?

ரிப்பனுக்கு முன்பும் இந்தியாவில் நகராட்சிகள் இருந்தன. சென்னை மாநகராட்சி 1688-லேயே தொடங்கப்பட்டது. ஆனால், பெரும்பாலான இடங்களில் கலெக்டர்தான் தலைவர், அவர் கைகாட்டுகிற பெரிய மனிதர்கள்தான் உறுப்பினர்கள். கலெக்டர் சொல்வதற்குத் தலையாட்டுவதுதான் அவர்களுக்கு வேலை. வரி கொடுப்பது மக்கள், செலவை முடிவு செய்வது அதிகாரி.

1882 மே 18-ஆம் தேதி ரிப்பன் அரசு வெளியிட்ட தீர்மானம் இதைத் தலைகீழாக்கப் பார்த்தது. முக்கியமான அம்சங்கள் இவைதான்:

நகரத்துக்கு மட்டுமல்ல, கிராமப்புறத்துக்கும் உள்ளாட்சி அமைப்பு வேண்டும். அதுவும் தாலுகா மாதிரி சின்ன அளவில். உறுப்பினருக்கு ஊர் தெரிய வேண்டும், ஊருக்கு உறுப்பினரைத் தெரிய வேண்டும் என்பது கணக்கு.

உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் அரசு அதிகாரி அல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

முடிந்த இடத்தில் எல்லாம் தேர்தல் மூலம் உறுப்பினர்கள் வர வேண்டும்.

தலைவர் பதவியிலும் முடிந்தவரை அதிகாரி உட்காரக் கூடாது. அரசு வெளியே இருந்து கண்காணிக்கட்டும், உள்ளே உட்கார்ந்து ஆட்டிப்படைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம், இதற்கு அவர் சொன்ன காரணம். உள்ளூர் ஆட்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் வேலை உடனே சிறப்பாக நடந்துவிடும் என்று அவர் வாதாடவே இல்லை. ஆரம்பத்தில் தவறு நடக்கும், வேலை சொதப்பும், அதிகாரி செய்தால் இன்னும் சுத்தமாக முடியும் என்று அவருக்கே தெரியும். ஆனால், மக்கள் தங்கள் விஷயத்தைத் தாங்களே நடத்திப் பழகுவதற்கு இதுதான் பள்ளிக்கூடம் என்றார். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றால், எந்தக் காலத்தில் நீச்சல் கற்றுக்கொள்வது? அவருடைய வாதம் கிட்டத்தட்ட இதுதான்.

சொந்த அதிகாரிகளே போட்ட முட்டுக்கட்டை

தீர்மானம் போடுவது எளிது. அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் யார்? எந்த அதிகாரிகளின் கையில் இருந்து அதிகாரத்தை எடுக்கச் சொன்னாரோ, அதே அதிகாரிகள்.

கலெக்டரின் செல்வாக்கு போய்விடும், இந்தியர்களுக்கு நிர்வாகம் தெரியாது, சாதிச் சண்டையில் முடியும் என்று அடுக்கடுக்காக ஆட்சேபங்கள் கிளம்பின. மாகாணங்கள் சட்டம் போட்டன. ஆனால், தீர்மானத்தின் உயிரான பகுதிகளை ஒவ்வொன்றாக நீர்க்கச் செய்தன.

சென்னை மாகாணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1884-ல் இங்கே உள்ளாட்சிச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, அதற்குக் கீழே தாலுகா போர்டு, அதற்கும் கீழே சில கிராமங்களைச் சேர்த்து யூனியன் என்று மூன்று அடுக்கு உருவானது. வடிவம் எல்லாம் சரி. ஆனால், ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியில் நீண்ட காலத்துக்கு கலெக்டரே உட்கார்ந்திருந்தார். ஓட்டுரிமையும் எல்லோருக்கும் இல்லை. சொத்தும் வரியும் உள்ள ஆண்களுக்குத்தான். கூலிக்காரர்களும் பெண்களும் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

இதற்கிடையே 1883-ல் இல்பர்ட் மசோதா வெடித்தது. வெள்ளைக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளை மாவட்டங்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்ற மசோதா அது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் கொதித்துப்போனார்கள். வைஸ்ராயையே பகிரங்கமாக அவமதித்தார்கள். கடைசியில், பாதிப் பேர் ஐரோப்பியர்களாக இருக்கிற ஜூரியை வெள்ளைக்காரர்கள் கேட்டுப் பெறலாம் என்று 1884-ல் ரிப்பன் இறங்கிவந்தார். இது அவருக்குத் தோல்விதான். ஆனால், ஒன்றுசேர்ந்து சத்தம் போட்டால் அரசு இறங்கிவரும் என்பதை இந்தியர்களும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1885-ல், காங்கிரஸ் கட்சி பிறந்தது.

1884 டிசம்பரில் ரிப்பன் கிளம்பினார். கல்கத்தாவில் இருந்து பம்பாய் வரை வழியெங்கும் மக்கள் திரண்டுவந்து வழியனுப்பினார்கள். அதுவரை எந்த வைஸ்ராய்க்கும் அப்படி ஒரு பிரிவுபசாரம் கிடைத்ததில்லை. சென்னையில் அவரைத் தங்கள் அப்பன் என்றே சொல்லிக் கொண்டாடினார்கள்.

பாதி வெந்த திட்டம் என்ன கொடுத்தது?

கலெக்டர் பிடியில் இருந்தாலும் ஜில்லா போர்டுகள் சும்மா இருக்கவில்லை. ரோடு போட்டன, ஆரம்பப் பள்ளி நடத்தின, மருத்துவமனை கட்டின, சத்திரங்களைப் பராமரித்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒருபடி மேலே போய் ரயிலே விட்டது. நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் பணத்தில், மாயவரத்தில் இருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் ரயில் பாதை திறக்கப்பட்டது. பிறகு அறந்தாங்கி வரை அது நீண்டது. ஒரு மாவட்ட உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமாக ரயில் பாதை! இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியுமா?

பள்ளிக்கூடம் என்று ரிப்பன் சொன்னதும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் நாட்டையே புரட்டிப்போட்ட பலர் முதலில் உட்கார்ந்தது நகராட்சி நாற்காலியில்தான். ஈரோடு நகராட்சித் தலைவராக பெரியார், சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜி, அகமதாபாத்தில் வல்லபாய் படேல், அலகாபாத்தில் நேரு. குடிநீரும் சாக்கடையும்தான் இவர்களுக்கு நிர்வாகத்தின் முதல் பாடம்.

வைஸ்ராயாக இருந்தவர், ஊர் மேயர் ஆனார்

இங்கிலாந்து திரும்பிய ரிப்பன் கடற்படை அமைச்சர், காலனிகள் துறை அமைச்சர் பதவிகளில் இருந்தார். அதன் பிறகு அவர் எடுத்துக்கொண்ட ஒரு பொறுப்புதான் சுவாரஸ்யம். 1895-ல் தன் சொந்த ஊரான ரிப்பன் நகரத்துக்கு மேயர் ஆனார். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த சின்ன ஊர். 25 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டுக்கு வைஸ்ராயாக இருந்தவர், அந்த நாற்காலியைச் சின்னது என்று நினைக்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்ததைத் தானும் செய்து காட்டினார்.

1908 வரை அமைச்சரவையில் இருந்தார். 1909 ஜூலை 9-ஆம் தேதி, 81-ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. லோகநாத முதலியார் கட்டினார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். 1913-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு ரிப்பன் பெயரே வைக்கப்பட்டது. வளாகத்தில் அவருடைய சிலையும் இருக்கிறது.

இப்போது ஏன் இந்தக் கதை?

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். சுதந்திர இந்தியாவில் 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்றானது. ரிப்பன் காலத்தில் வாசலுக்கு வெளியே நின்ற பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் இடஒதுக்கீடு வந்தது.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபடியும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊரகப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தலுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் என்றால் யார்? அரசு அதிகாரி. அதாவது, 1882-ல் எந்த நாற்காலியில் இருந்து அதிகாரியை எழுப்ப வேண்டும் என்று ரிப்பன் போராடினாரோ, அதே நாற்காலியில் மறுபடியும் அதிகாரி. வேலை நடக்கத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். அன்றைக்கு ரிப்பனிடம் அவருடைய அதிகாரிகள் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடலாம். அடுத்த தேர்தலில் அவரை மாற்றலாம். அதிகாரியை அப்படி மாற்ற முடியாது. அடுத்த முறை சென்ட்ரல் பக்கம் போகும்போது, அந்த வெள்ளைக் கட்டடத்தின் பெயரை ஒரு தடவை நின்று பாருங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த வித்தியாசம்தான்.