வயலினில் வந்த வசந்தம்

குழந்தைகளே! ஞாயிற்றுக்கிழமை என்றாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தானே? பறவைகள் பாடுவதைக் கேட்பது, மர நிழலில் குட்டித் தூக்கம் போடுவது, நண்பர்களோடு ஆடிப் பாடுவது... இதற்கெல்லாம் காசா, பணமா? இந்தச் சின்னச் சின்னச் சந்தோஷங்களையே இசையாக்கி, உலகப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் அந்தோனியோ விவால்டி. தெருக்களைப் போலவே கால்வாய்கள் ஓடும் இத்தாலியின் வெனிஸ் நகரில், 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி பிறந்தார். பிறந்தபோது உயிர் பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அதனால், பிரசவம் பார்த்த மருத்துவச்சியே வீட்டில் அவசரமாக ஞானஸ்நானம் செய்துவைத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால், நெஞ்சு இறுக்கம் மட்டும் பிறகும் அவரை விடவில்லை.

அப்பா முதலில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பிறகு புனித மாற்கு தேவாலயத்தில் வயலின் கலைஞர் ஆனார். அவரிடம்தான் மகனும் வயலின் கற்றார். நம் ஊர்க் கச்சேரிகளில் பார்க்கிறீர்களே, அதே வயலின்தான்!

1703இல், தமது 25ஆம் வயதில், விவால்டி பாதிரியார் ஆனார். அவருடைய தலைமுடி செம்பட்டை நிறம். அதனால் ஊரார் அவரைச் சிவப்புப் பாதிரியார் என்றே அழைத்தார்கள். ஆனால், நெஞ்சு நோய் காரணமாகச் சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று.

பாதிரியாரான அதே ஆண்டில் இன்னொரு வேலையும் அவருக்குக் கிடைத்தது. பெற்றோர் கைவிட்ட குழந்தைகளை வளர்க்கும் பியத்தா என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியர் வேலை! அந்த இல்லத்துச் சுவரில் ஒரு சிறு திறப்பு இருந்தது. பிள்ளையை வளர்க்க வழியில்லாதவர்கள் அதில் கைக்குழந்தையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி வந்த பெண் குழந்தைகளில் திறமை உள்ளவர்களுக்கு அங்கே இசை கற்றுக்கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் அந்த இல்லத்தின் ஆலயத்தில் கூட்டம் அலைமோதும். அந்தப் பெண்கள் மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் மறைந்து நின்று வாசிப்பார்கள். முகம் தெரியாது, இசை மட்டும் வரும். அதைக் கேட்க டென்மார்க் மன்னரே வந்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அவர்களில் அன்னா மரியா என்ற பெண், வயலினில் பெரும் புகழ் பெற்றார். பெற்றோர் யாரென்று தெரியாததால் அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வயலின் அன்னா மரியா என்றே எல்லோரும் அழைத்தார்கள். வயலினே அவருடைய குடும்பப் பெயராகிவிட்டது! அவருக்காகவே பல இசைப் படைப்புகளை எழுதினார் விவால்டி.

1725இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாகி வெளிவந்தது விவால்டியின் 'நான்கு பருவங்கள்'. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் ஆகிய நான்கையும் வயலினில் வாசித்துக் காட்டும் இசை அது. முதலில் வருவது வசந்தம். குளிரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மக்கள் வெளியே வந்து மகிழும் காலம் அல்லவா?

இதில் என்னென்ன கேட்கும் தெரியுமா? முதலில் வயலின்கள் பறவைகளைப் போலக் கீச்சிடும். ஓடை சலசலக்கும். திடீரென்று இடி இடித்து ஓயும். அடுத்த பகுதியில், ஆடு மேய்ப்பவர் ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பக்கத்தில் அவருடைய நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா என்ற வாத்தியம்தான் அந்த நாய்! கடைசியில் எல்லோரும் சேர்ந்து நடனம் ஆடுகிறார்கள்.

பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயிக்கு இந்த வசந்தம் மிகவும் பிடித்துவிட்டது. 1730இல் அவர் கேட்க ஆசைப்பட்டபோது, அரசவைப் பிரபுக்களே வாத்தியங்களை எடுத்து வாசித்தார்கள்!

இவ்வளவு அழகாக வசந்தத்தைக் காட்டிய விவால்டியால், நம்மைப் போல் காலாற நடந்துபோக முடியாது என்பதுதான் ஆச்சரியம். வெளியே போக வேண்டுமென்றால் படகு அல்லது வண்டி வேண்டும். நெஞ்சு இறுக்கத்தால் நடக்க முடியவில்லை என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கால் போகாத இடத்துக்கெல்லாம் அவருடைய காதும் மனமும் போயிருக்கின்றன!

காலம் மாறியது. வெனிஸ் மக்கள் புதிய இசையைத் தேடினார்கள். விவால்டி வியன்னா நகருக்குப் போனார். அங்கே 1741ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி வறுமையில் இறந்தார். மெல்ல மெல்ல உலகம் அவரை மறந்தும்போனது.

1926இல் இத்தாலியில் ஒரு பள்ளி, தன்னிடமிருந்த பழைய இசைச் சுவடிகளை விற்க முடிவு செய்தது. தூரின் நகர நூலகத்தார் பிரித்துப் பார்த்தால், அவற்றில் 14 தொகுதிகள் விவால்டியின் இசை! வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. குழந்தையாக இருந்தபோதே இறந்துபோன தன் மகன் மௌரோவின் நினைவாக, ஃபோவா என்பவர் வாங்கிக் கொடுத்தார். மீதிப் பாதி வேறொரு குடும்பத்தில் இருந்தது. 1930இல் அதை ஜோர்தானோ என்பவர் வாங்கிக் கொடுத்தார். அவரும் ரென்சோ என்ற தன் மகனைச் சிறு வயதில் பறிகொடுத்தவர். இன்றும் அந்த இரண்டு தொகுப்புகளுக்கும் அந்தச் சிறுவர்களின் பெயர்கள்தான். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தவரின் இசையை, இரண்டு குழந்தைகளின் நினைவு காப்பாற்றிவிட்டது!

இந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா அப்பாவிடம் கேட்டு 'வசந்தம்' இசையைப் போட்டுக் கேளுங்கள், குழந்தைகளே. சுமார் பத்து நிமிடம்தான். பறவை எங்கே, இடி எங்கே, நாய் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பிறகு மொட்டை மாடிக்குப் போய், உங்கள் ஊர்ப் பறவைகள் என்ன பாடுகின்றன என்றும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்களேன்!