ஜார்ஜ் சைமன் ஓம்

ஜார்ஜ் சைமன் ஓம் (மார்ச் 16, 1789 – ஜூலை 6, 1854) ஒரு ஜெர்மானிய இயற்பியலாளரும் கணித ஆசிரியரும் ஆவார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்பைக் கூறும் ஓமின் விதியைக் கண்டறிந்தவர் இவரே. மின்தடையின் அலகு இவர் பெயராலேயே ஓம் எனப்படுகிறது. மகிழுந்தில் பொருத்தும் சப்வூஃபரின் பின்புறம் 4 ஓம், 2 ஓம் என்று அச்சிட்டிருப்பதும் இவர் பெயர்தான்.

இளமை

ஓம் எர்லாங்கென் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாய் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த ஏழு குழந்தைகளுள் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தார். பள்ளிக் கல்வி அதிகம் பெறாத தந்தை தாமாகவே கற்று, மகன்களுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். தம்பி மார்ட்டின் ஓம் பின்னாளில் கணிதவியலாளராகப் புகழ்பெற்றார்.

1805-இல் எர்லாங்கென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுதைக் கழித்தார். சினமுற்ற தந்தை மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார். அங்கு ஆசிரியராகப் பணியாற்றியபடியே கணிதம் பயின்ற ஓம், திரும்பி வந்து 1811-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பாம்பெர்க்கில் குறைந்த ஊதியத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

கொலோன் ஆய்வுகள்

1817-இல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வகம் இருந்தது. ஓமின் வாழ்வில் இதுவே திருப்புமுனை எனலாம்.

1825-இல் அவர் மேற்கொண்ட முதல் சோதனைகள் சரியாக அமையவில்லை. அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இராது. எனவே அளவீடுகள் மாறிக்கொண்டே இருந்தன. இயற்பியலாளர் போகன்டார்ஃப் கூறிய ஆலோசனைப்படி ஓம் மின்கலத்தைக் கைவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தி கொதிநீரிலும் மற்றொன்று பனிக்கட்டியிலும் இருந்ததால் மின்னழுத்தம் மாறாமல் நின்றது. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தை அளந்தார். கம்பியின் தடையோடு சுற்றின் மற்றப் பகுதிகளின் தடையையும் கூட்டி, அத்தொகையால் மின்னழுத்தத்தை வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பது 1826-இல் தெளிவாயிற்று.

புறக்கணிப்பும் ஏற்பும்

இம்முடிவுகளை விரிவாக்கி, 1827-இல் மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் நூலைப் பெர்லினில் வெளியிட்டார். இந்நூலால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்பது அவருடைய நம்பிக்கை. வரவேற்போ மிகக் குளிர்ச்சியாக இருந்தது. சிலர் கடுமையாகத் தாக்கவும் செய்தனர். மனமுடைந்த ஓம் 1828-இல் கொலோன் பணியைத் துறந்து, ஐந்தாண்டுகள் பெர்லினில் சிறு ஆசிரியப் பணிகளால் காலம் தள்ளினார். 1833-இல்தான் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியரானார்.

1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. 1843-இல் ஓம் ஒலியியலிலும் ஒரு விதியை முன்வைத்தார்: காது ஒரு சிக்கலான ஒலியை எளிய சுரங்களாகப் பிரித்துக் கேட்கிறது என்பது அது. இதற்கும் எதிர்ப்பே வந்தது. பின்னர் எல்ம்ஹோல்ட்சு அதை வளர்த்தெடுத்தார். 1852-இல், தம் 63-ஆம் வயதில், மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஈராண்டுகளில் அந்நகரிலேயே மறைந்தார். அவர் மணம் புரியவில்லை. 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம் என்னும் அலகை ஏற்றது.

சப்வூஃபர் இணைப்பில் ஓமின் விதி

ஒரே பெருக்கியுடன் பல சப்வூஃபர்களை இணைப்பது ஓமின் விதியை நேரடியாகக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு 4 ஓம் சப்வூஃபர்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம். பக்க இணைப்பில் 2 ஓம். நான்கினை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு தொகுதிகளையும் பக்கமாகச் சேர்த்தால் மீண்டும் 4 ஓமே கிடைக்கும். நான்கையும் பக்கமாகவே இணைத்தால் 1 ஓம்.

பெருக்கி 20 வோல்ட் தருவதாகக் கொள்வோம். 4 ஓம் சுமையில் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓமில் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓமில் 20 ஆம்பியர், 400 வாட். திறன் கூடுகிறதே என்று பலர் தடையைக் குறைக்கின்றனர். 2 ஓம் வரை மட்டுமே தாங்கும் பெருக்கியில் இவ்வாறு செய்தால் அது சூடேறி, பாதுகாப்புச் சுற்றால் நின்றுவிடும், அல்லது எரிந்துபோகும். மேலும், இரு பாதைகளைப் பிணைத்து ஒன்றாக்கும் பெருக்கியில் ஒவ்வொரு பாதையும் சுமையின் பாதியையே உணரும்; அதாவது 4 ஓம் இணைப்பு அதற்கு 2 ஓம் ஆகும்.

இசை மாறுதிசை மின்னோட்டம் என்பதால் இங்குக் குறிப்பிடப்படுவது மின்மறுப்பு. அது அதிர்வெண்ணோடு மாறும். 4 ஓம் சப்வூஃபரை மல்டிமீட்டரால் அளந்தால் சற்றுக் குறைவாகக் காட்டுவது பழுதன்று.

ஓம் கூட்டிக்கொண்ட மற்றப் பகுதிகளின் தடையும் இங்கு மறக்கத்தக்கதல்ல. இணைப்புக் கம்பியின் தடை 0.1 ஓம் எனில், 4 ஓம் சுமையில் திறனின் ஏறத்தாழ 2.4 விழுக்காடு கம்பியில் வீணாகும். 1 ஓம் சுமையில் அது 9 விழுக்காடு. குறைந்த ஓமில் இணைப்போர் தடித்த கம்பி பயன்படுத்துவது இதனாலேயே.