சம்மி லீ

சம்மி லீ (ஆகஸ்ட் 1, 1920 - டிசம்பர் 2, 2016) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நீரில் பாய்தல் விளையாட்டு வீரரும் பயிற்றுனரும் காது நோய் மருத்துவரும் ஆவார். ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற முதல் ஆசிய அமெரிக்க ஆண் இவரே.

இளமை

கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில், கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். 1932 இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடைபெற்றபோது இவருக்கு வயது 12. ஒலிம்பிக் வீரராகும் எண்ணம் அப்போதே தோன்றியது. தந்தையோ மகன் மருத்துவராக வேண்டும் என விரும்பினார்.

அக்காலத்தில் பாசடீனாவின் பொது நீச்சல் குளத்தில் வெள்ளையர் அல்லாதோர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். அந்நாள் முடிந்ததும் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டுப் புதுநீர் நிரப்பப்பட்டது. மற்ற நாட்களில் லீ பழகுவதற்காகப் பயிற்றுனர் ஜிம் ரயன் ஒரு குழியில் மணல் நிரப்பி, அதன் மேல் பாயும் பலகை அமைத்தார். மணலில் தலைகீழாகப் பாய இயலாது. கால் ஊன்றியே இறங்க வேண்டும். ஆகவே எழும்புதலையும் காற்றில் உருளுதலையுமே லீ அங்கு திரும்பத் திரும்பப் பழகினார். குள்ளமான உருவம் கொண்ட இவரது கால்கள் அதனால் நல்ல வலுப்பெற்றன.

ஒலிம்பிக்

1942 இல் அமெரிக்க தேசிய வாகையாளரானார். ஆனால் இரண்டாம் உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் பயின்று 1947 இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடைப் பிரிவில் தங்கமும், 3 மீட்டர் துள்ளுபலகைப் பிரிவில் வெண்கலமும் வென்றார். 1952 இல் ஹெல்சிங்கியில், தமது 32 ஆவது பிறந்தநாளன்று, மேடைப் பிரிவில் மீண்டும் தங்கம் வென்றார். அப்பிரிவில் அடுத்தடுத்து இருமுறை தங்கம் வென்ற முதல் ஆண் இவரே. 1953 இல் அமெரிக்காவின் சிறந்த பயில்நிலை விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருதைப் பெற்றார்.

கொரியாவில் அமெரிக்க இராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய பின்னர், 1955 இல் கார்டன் குரோவ் நகரில் வீடு வாங்க முயன்றபோது, ஆசியர் என்பதால் இவருக்கு வீடு விற்க மறுத்தனர். இருமுறை தங்கம் வென்றவருக்கே இந்நிலை என்பதால் செய்தி நாடெங்கும் பரவியது. பின்னரே இவரால் அப்பகுதியில் வீடு வாங்க முடிந்தது.

பயிற்றுனராக

மருத்துவத் தொழிலைத் தொடர்ந்துகொண்டே பயிற்சியளித்தார். இவரிடம் பயின்ற பாப் வெப்ஸ்டர் 1960, 1964 ஒலிம்பிக்குகளில் மேடைப் பிரிவில் தங்கம் வென்று, ஆசிரியரின் சாதனையைச் சமன் செய்தார். 1960 இல் அமெரிக்க நீரில் பாய்தல் அணிக்கும் லீ பயிற்றுனராக இருந்தார். பின்னாளில் கிரெக் லூகானிசைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 16 வயது லூகானிஸ் மேடைப் பிரிவில் வெள்ளி வென்றார். அங்கு தங்கம் வென்ற இத்தாலியின் கிளாவ்ஸ் திபியாசிக்கு அது தொடர்ச்சியான மூன்றாவது தங்கம். லீயும் வெப்ஸ்டரும் பகிர்ந்திருந்த சாதனை அதனால் முறியடிக்கப்பட்டது. லூகானிஸ் 1984, 1988 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றது வேறொரு பயிற்றுனரிடம் சேர்ந்த பின்னராகும்.

1968 இல் பன்னாட்டு நீச்சல் புகழவையில் லீ சேர்க்கப்பட்டார். 2016 இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில், 96 ஆவது வயதில் காலமானார்.