விழித்திரையைச் சுருட்டிய விஞ்ஞானி

ஸ்பெயின் நாட்டில், ஓவியம் வரைவதையே உயிராகக் கருதிய சிறுவன் ஒருவன் இருந்தான். 1852-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் பிறந்த சாந்தியாகோ ரமோன் இ கஹாலே அவன். மருத்துவரான தந்தைக்கு மகனின் ஓவியப் பித்து அறவே பிடிக்கவில்லை. படிப்பில் மனம் செல்லாத மகனை முடிதிருத்துபவரிடமும், செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். பின்னர் 1868-இல் அவரே மனித எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். மகனோ அவற்றை ஆர்வத்தோடு வரைந்தான். வெறுக்கப்பட்ட கலையே கல்விக்குக் கைகொடுத்தது.

1873-இல் மருத்துவரான கஹால், இராணுவ மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பினார். அங்கே சேமித்த ஊதியத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கினார்.

நமக்குப் பார்வை தரும் விழித்திரை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமுள்ள மென்படலம். அதில் நரம்பணுக்கள் அடுக்கடுக்காக நெருங்கியுள்ளன. சாயமேற்றாவிட்டால் அவை தெளிவாகத் தெரியா. எல்லாவற்றுக்கும் சாயமேற்றினாலோ பிரித்தறிய இயலாது. இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873-இல் ஒரு வழி கண்டார். திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின் சில்வர் நைட்ரேட்டில் இட்டால், சில அணுக்கள் மட்டும் கிளைகளோடு கறுத்துத் தோன்றும். ஆயினும் அம்முறை அடிக்கடி பொய்த்ததால் பலரும் அதை நாடவில்லை.

1887-இல் அதைக் கண்ட கஹால் விடாது முயன்றார். ஒருமுறை ஊறவைத்ததை மறுமுறையும் ஊறவைத்தார். விழித்திரையின் மேற்பரப்பில் வெள்ளிப் படிவுகள் அப்பிக் காட்சியைக் கெடுத்தன. அதனால் விழித்திரையைப் பாய்போலச் சுருட்டிக் கரைசலில் இட்டார்! உட்சுற்றுகளில் படிவு சேரவில்லை. அவற்றை மெல்லிய சீவல்களாக அரிந்து, நுண்ணோக்கியில் பார்த்து, தம் கையாலேயே வரைந்தார். மீன், தவளை, பறவை, பாலூட்டி ஆகியவற்றின் விழித்திரைகளைப் பற்றி 1893-இல் ஒரு பெருநூலே வெளியிட்டார்.

நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த வலையே என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே நிற்கிறது என்றார் கஹால். ஸ்பானிய மொழியில் அவர் எழுதியவற்றைப் பிறநாட்டார் படிக்கவில்லை. ஆகவே 1889-இல் தம் கண்ணாடித் தகடுகளோடு பெர்லின் மாநாட்டுக்கே சென்றார். அவற்றை நோக்கிய முதுபெரும் அறிஞர் கோலிக்கர் அவர் பக்கம் சேர்ந்தார்.

1906-இல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலும் கோல்ஜி வலைக்கொள்கையையே வலியுறுத்தினார். முறையைத் தந்தவரே முடிவை ஏற்காதது விந்தைதான்! 1934-இல் கஹால் மறைந்தார். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, நரம்பணுக்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டி அவர் கூற்றை மெய்ப்பித்தது.

ஆய்வுக்கூடத்தில் நம் சீவல் ஒன்று கிழிந்தாலும், சாயம் பிடிக்காவிட்டாலும் சோர்ந்துவிடுகிறோம். மீண்டும் ஊறவைத்த அந்தக் கைகளை அப்போது நினைத்துக்கொள்வோம். ஓவியத்தில் நாட்டமுள்ள நம் தோழியரையும் இனி வீண்பொழுது போக்குபவர் என்று எண்ணாதிருப்போம்.