கைவிளக்கும் கட்டிலும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் நம் கல்லூரியில் இலர். கிரிமியாப் போர்க் காலத்தே, நள்ளிரவில், புண்பட்ட வீரர்தம் படுக்கைதோறும் கைவிளக்கேந்திச் சென்ற காரிகையாக அவரைப் பள்ளிப் பாடங்களிற் கண்டோம். அப்படத்தோடு பாடமும் முடிந்துவிடும். ஆயின், அம்மையார் அங்குத் தொண்டாற்றிய காலம் இரண்டாண்டும் நிரம்பாதது. அதன்பின் அவர் உயிர்வாழ்ந்த காலமோ 54 ஆண்டு. அவற்றுட் பெரும்பகுதி நோய்ப்படுக்கையிற் கழிந்தது. அப்படுக்கையின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடியிற் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. 1837ஆம் ஆண்டில் இறைவன் தம்மைத் தொண்டிற்கு அழைத்ததாக உணர்ந்தார். செவிலித் தொழில் இழிதொழிலென எண்ணப்பட்ட காலம் அது, பெற்றோர் இசையவில்லை. விருந்தும் வீண் உரையாடலுமாக ஆண்டுகள் பல கழிந்தன. முப்பது வயதளவில் அம்மையார் சாவை விரும்பித் தம் குறிப்புகளில் எழுதலானார். எனவே, மனச்சோர்வு அவர்க்கு உடல்நோயோடு வந்த புது விருந்தன்று; அதற்கு முன்னரே பழகிய ஒன்று. 1851இல் செர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1854 நவம்பரில் செவிலியர் முப்பத்தெண்மருடன் துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அங்குச் செய்தனவற்றை யாவரும் அறிவர், விரிக்க வேண்டுவதில்லை.

1855 மே மாதம் பாலக்ளாவாவில் கொடுங்காய்ச்சல் ஒன்று அவரைப் பற்றியது. உயிர் தப்பினார், நோய் தப்பவில்லை. 1856இல் தாயகம் மீண்டபின், 1857 ஆகஸ்டில் உடல் முற்றும் தளர்ந்து வீழ்ந்தார். நெஞ்சுப் படபடப்பு, உணவில் வெறுப்பு, உறக்கமின்மை, முதுகெலும்பில் தீராவலி ஆகியன மாறி மாறி வந்தன. அக்கால மருத்துவர்க்குக் காரணம் விளங்கவில்லை. விருந்தினரைத் தவிர்க்க நோயென்று நடிக்கின்றார் எனப் பிற்காலத்தார் சிலர் எழுதவும் துணிந்தனர். வலி கண்ணுக்குத் தெரியாதது. அதனால் வலியுற்றோர்க்கு வரும் இரண்டாந் துன்பம் இது. 1887இல் டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர் மால்டாத் தீவில் ஒரு காய்ச்சலின் கிருமியைக் கண்டார். ஆட்டுப்பால் வழியாக அது பரவுவது 1905இல் தெளிவாயிற்று. அம்மையாரைப் பற்றியதும் அந்தப் புருசெல்லா நோயே ஆகலாம் என்று 1995இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். முதுகெலும்பை வருத்துவதும் உள்ளத்தைச் சோர்விப்பதும் அந்நோயின் இயல்பு. மெய்ப்பிக்க இனி வழியில்லை யாயினும், இவ்விளக்கமே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

1861ஆம் ஆண்டே அவர் வாழ்வில் மிகக் கொடியது. முந்திய ஆண்டில், உடனிருந்து காத்த அத்தை தம் குடும்பத்தாரிடம் திரும்பியிருந்தார். ஆகஸ்டு 2ஆம் நாள், படைச் சீர்திருத்தத்தில் அவர்க்கு வலக்கையாயிருந்த சிட்னி ஹெர்பர்ட் மாண்டார். நவம்பரில், எழுத்துவேலையில் துணைநின்ற புலவர் கிளஃப் மறைந்தார். டிசம்பரில் நோய் முற்றி, நடத்தலும் இயலாதாயிற்று. ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குத் தூக்கிச் செல்லவேண்டிய நிலை ஏறக்குறைய ஆறாண்டு நீடித்தது. இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் இறந்துகொண்டிருந்தபோதும் அவரை ஓயவிடாது கடிந்தவர் அம்மையார். பிரிந்து சென்ற அத்தையையும் நெடுங்காலம் மன்னித்திலர். நோயுற்றோர் யாவரும் பொறுமையின் வடிவமாவர் என்று எழுதுவோர் நோயாளியை அருகிருந்து பார்த்திலர் போலும்.

இவற்றினிடையே அவர் எங்ஙனம் வாழ்ந்தார்? ஆற்றல் சிறிதே என்பதை உணர்ந்து, அதனைக் கருமி பொன்னைச் செலவிடுவதுபோற் செலவிட்டார். முன்னரே நேரங் குறித்து, ஒருவேளைக்கு ஒருவரையே காண்பார். உறவினரையும் திருப்பி அனுப்பியதுண்டு. நண்பர் மருத்துவர் சதர்லாந்து கீழ்மாடியில் இருப்பார். அம்மையார் மேல்மாடியிற் படுத்திருப்பார். இருவர்க்குமிடையே துண்டுத்தாள்கள் ஏறியும் இறங்கியும் அலுவலை நடத்தும். 1866இல் தோலின்கீழ் அபினி மருந்தை ஊசியால் ஏற்றினர். ஒருநாளளவு வலி தணிந்தது. அறிவு தெளிந்திலது என்று அவரே குறித்தார். பாரசீகப் பூனைகள் பல கட்டிலிற் கிடந்தன. மை தோய்ந்த அவற்றின் அடிச்சுவடு சில கடிதங்களில் இன்றும் காணப்படுகின்றது.

நோயாளர் பேணல் குறித்து அவர் எழுதிய சிறுநூல் கட்டிலிலிருந்து எழுதியதே. நோயாளியை விரைவிற் குணமாவீர் என்று வாய்க்கு வந்தபடி தேற்றும் நண்பரை அதில் வன்மையாகக் கண்டிக்கின்றார். அத்தேற்றுரை நோயாளியைத் தனிமைப்படுத்துகின்றது. தன் துன்பத்தை யாரும் உணரவில்லை என எண்ணச் செய்கின்றது என்பது அவர் கருத்து. ஒரே சுவரையும் ஒரே கூரையையும் மாதக்கணக்கிற் பார்த்துக் கிடப்பவனுக்கு உள்ளம் நோவது இயற்கை என்கின்றார். பலகணி வழியே ஒரு காட்சியும், நிறமிக்க பூங்கொத்தும், கூண்டில் ஒரு சிறு பறவையும் மருந்தாகும் என்கின்றார். பட்டறிந்தவர் சொல் இது. நம் விடுதியில் நோயுற்ற தோழரைக் காணச் செல்வோர் இப்பகுதியைப் படித்துச் செல்லுதல் நலம்.

கட்டிலே அலுவலகமாயிற்று. 1860இல் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இந்தியப் படைவீடுகளுக்கெல்லாம் வினாத்தாள் விடுத்து, வந்த விடைகளை ஆராய்ந்தார். இரண்டாயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட அறிக்கை 1863இல் வெளிவந்தது. இந்நாட்டில் ஆங்கிலப் படைவீரர் ஆண்டுதோறும் ஆயிரவர்க்கு 69 பேர் மாண்டனர் என்பதை அது உலகறியச் செய்தது. 1864இல் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களில் நலவழிக் குழுக்கள் அமைந்தன. 1876இல் தொடங்கிய தென்னாட்டுப் பெரும்பஞ்சத்திற்குப் பின், குடியானவர் வறுமையையும் நீர்ப்பாசனத்தையும் குறித்து ஓயாது எழுதினார். இந்திய மண்ணை ஒருநாளேனும் மிதியாதவர் அவர்.

முதுமையில் வலி தணிந்தது. நெடுநாட் கசப்பும் உடன் தணிந்தது. கடுஞ்சொல் குறைந்து, இளஞ் செவிலியர்க்குத் தாய்போலக் கடிதம் எழுதினார். பின் பார்வையும் நினைவும் மங்கின. 1907இல் அரசர் அளித்த உயர்விருதைப் பெண்டிருள் முதற்கண் பெற்றபோது, அதன் பொருளை அவர் முற்றும் உணர்ந்தாரல்லர். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் இலண்டனில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் இடம் தர முன்வந்தனர், உறவினர் ஏற்றிலர். படைத்தலைவரல்லாத எளிய சார்ஜண்டுகள் அறுவர் சுமந்துசெல்ல, கிழக்கு வெல்லோ என்னும் சிற்றூரில், பெற்றோர் அருகே அடக்கஞ்செய்தனர். கல்லில் பெயரின் முதலெழுத்து இரண்டும் பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறித்துள்ளன.